பணம் கட்டும் முன் நான்காம் வாரம்: சி.எஸ்.50 பாடத்தை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே பாடம், ஒரே ஆசிரியர், ஒரே காணொளிகள். அதை ஒருவர் காலணா செலவில்லாமல் படித்து முடிக்கிறார். இன்னொருவர் 200 டாலர் அளவில், அதாவது நம் பணத்தில் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டிப் படிக்கிறார். மூன்றாமவர் சில ஆயிரம் டாலர் கொடுக்கிறார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.50 என்ற கணினி அறிவியல் அறிமுகப் பாடத்தில் இது ஒளிவுமறைவில்லாமல் நடக்கிறது. யாரும் ஏமாற்றப்படவில்லை, ஒவ்வொரு தொகைக்கும் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். படிப்பவர்கள்தான் அதைப் படிப்பதில்லை.

"முதலில் இலவசமாகப் பார், பிடித்திருந்தால் பணம் கட்டு" என்ற அறிவுரையை இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் எதைப் பார்ப்பது என்ற இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முதல் இரண்டு காணொளிகளைப் பார்ப்பார்கள். ஆசிரியரின் பேச்சு தெளிவாக இருக்கும், படம் பளிச்சென்று இருக்கும். உடனே வங்கி அட்டை வெளியே வந்துவிடும். அதைச் சோதனை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காணொளியைப் பார்த்து ஒரு பாடத்தை எடை போட முடியாது, வீட்டுப்பாடத்தைப் போட்டுப் பார்த்துத்தான் முடியும் என்பது என் கட்சி. அதற்கு சி.எஸ்.50ஐவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம்.

பாடமும் அதன் முதல் கூட்டமும்

டேவிட் மாலன் 2007 முதல் இந்தப் பாடத்தை நடத்திவருகிறார். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஹார்வர்டின் சாண்டர்ஸ் அரங்கில், நாடகம் நடக்கும் மேடையில்தான் விரிவுரை. முதல் வகுப்பில் அவர் தடித்த தொலைபேசி டைரக்டரி ஒன்றைக் கையில் எடுப்பார். ஒரு பெயரைத் தேட வேண்டும். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டலாம். அல்லது நடுவில் திறந்து, தேடும் பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, வேண்டாத பாதியைக் கிழித்து எறியலாம். அவர் உண்மையாகவே கிழிப்பார். பாதி, அதில் பாதி, அதிலும் பாதி. ஆயிரம் பக்கம் உள்ள புத்தகத்தில் பத்துக் கிழிசலில் பெயர் அகப்பட்டுவிடும். அரங்கு கைதட்டும். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் கணினி அறிவியல் இவ்வளவுதானா என்று தோன்றும்.

எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் ஹார்வர்டும் ஆளுக்கு 3 கோடி டாலர் போட்டு 2012 மே மாதம் அறிவித்தன. அதே ஆண்டு அக்டோபரில் சி.எஸ்.50 அதில் ஏறியது. முதல் சுற்றில் பதிவு செய்தவர்கள் ஒன்றரை லட்சம் பேருக்குக் குறையாது. சான்றிதழ் வரை வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 1,400 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

இந்த எண்ணிக்கையைக் காட்டி இணையக் கல்வியே தோல்வி என்று அந்நாளில் நிறையப் பேர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காசு கொடுக்காமல் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவரைத் தோற்றவர் என்று எப்படிச் சொல்வது? நமக்கு ஒத்துவராது என்பதை ஒரு மாலைப் பொழுதில் தெரிந்துகொண்டு போனார், அவ்வளவுதான். இலவச அனுமதி இருப்பதே அதற்காகத்தான்.

மூன்று வழிகள், மூன்று விலைகள்

முதல் வழி பாடத்தின் சொந்தத் தளம். காணொளி, குறிப்பு, வீட்டுப்பாடம், திருத்தும் கருவி எல்லாம் அங்கே இலவசம். வாரந்தோறும் வரும் வீட்டுப்பாடங்களிலும் இறுதியில் நாமே செய்ய வேண்டிய திட்டப்பணியிலும் குறைந்தது 70 விழுக்காடு மதிப்பெண் எடுத்துவிட்டால் பாடத்தின் பெயரில் ஒரு சான்றிதழும் இலவசமாகவே கிடைக்கும். இதைச் சொன்னால் நம்பாதவர்கள் உண்டு. ஹார்வர்ட் சான்றிதழை யாராவது சும்மா கொடுப்பார்களா என்று கேட்பார்கள். கொடுக்கிறார்கள்.

இரண்டாம் வழி எட்எக்ஸில் பணம் கட்டிச் சரிபார்த்த சான்றிதழ் பெறுவது. கூடுதலாக ஒரு பக்கம் பாடம்கூடக் கிடைக்காது. "இந்த வேலையைச் செய்தவர் இந்தப் பெயருடையவர்" என்று தளம் உறுதி சொல்லும். அந்த 200 டாலர் வாங்குவது ஆள் அடையாளத்தை, கல்வியை அல்ல. தவறு என்று சொல்லவில்லை. அலுவலகம் செலவைத் திருப்பித் தருமானால், அல்லது விண்ணப்பத்தில் காட்ட உறுதி வேண்டுமானால், அதற்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் பணம் கட்டினால் இன்னும் நன்றாகச் சொல்லிக் கொடுப்பார்கள் என்று நினைத்துக் கட்டுவது வீண்.

மூன்றாம் வழி ஹார்வர்டின் விரிவாக்கப் பள்ளி. அங்கே சேர்பவருக்குப் பட்டப்படிப்பின் கணக்கில் சேரும் பல்கலைக்கழகக் கிரெடிட் உண்டு, சிறு குழு வகுப்பு உண்டு, மனிதர் ஒருவர் திருத்திக் கொடுக்கும் வேலை உண்டு, மதிப்பெண் பட்டியலில் இடம் உண்டு. விலையும் அதற்கேற்ப.

இப்படிப் பிரித்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. காணொளிக்கு விலையே இல்லை. திருத்தம், அடையாளம், கிரெடிட் என்ற மூன்றில் எது நமக்கு வேண்டும் என்பதுதான் பணம் கட்டுவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். சி.எஸ்.50இன் தனிச்சிறப்பு, அந்த மூன்றில் முதலாவதையும் அது இலவசமாகவே தந்துவிடுகிறது என்பது.

காணொளி காட்டும் மாயம்

ஹார்வர்டிலேயே அறிமுக இயற்பியல் வகுப்பில் நடந்த ஓர் ஆய்வு 2019இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியானது. ஒரு பிரிவுக்குத் தேர்ந்த ஆசிரியர் மெருகான விரிவுரை நிகழ்த்தினார். இன்னொரு பிரிவில் மாணவர்களே சிறு குழுக்களாகக் கணக்குகளைப் போட்டுப் பார்த்தார்கள். தேர்வு வைத்தபோது கணக்குப் போட்டவர்களே கூடுதலாகக் கற்றிருந்தார்கள். ஆனால் "எவ்வளவு கற்றதாக உணர்கிறீர்கள்" என்று கேட்டதற்கு விரிவுரை கேட்டவர்களே கூடுதலாகச் சொன்னார்கள். மெருகான பேச்சு கற்றுவிட்டோம் என்ற நினைப்பைத் தருகிறது. திணறல் கற்கவில்லையோ என்ற ஐயத்தைத் தருகிறது. இரண்டுமே தவறான தகவல்.

காணொளியை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுகிறவர் இந்த நினைப்பை நம்பித்தான் கட்டுகிறார். சமையல் நிகழ்ச்சி பார்ப்பது போலத்தான். மைசூர்பாகு அங்கே ஒருநாளும் கட்டி தட்டுவதில்லை.

நான்காம் வாரத்தில் என்ன நடக்கிறது

சி.எஸ்.50இல் வாரங்களைச் சுழியத்திலிருந்து எண்ணுவார்கள். சுழிய வாரத்தில் ஸ்கிராட்ச்: வண்ணக் கட்டங்களை இழுத்துப் பொருத்திப் பூனையை நடக்க வைப்பது. பள்ளிப் பிள்ளைகள் செய்துவிடுவார்கள். முதல் வாரம் சி மொழி. மரியோ விளையாட்டில் வருவது போன்ற ஒரு படிக்கட்டுப் பிரமிடைத் திரையில் குறியீடுகளால் அடுக்க வேண்டும். ஒரு மாலை வேலை. சிலருக்கு இரண்டு மாலை. முடித்துவிட்டுத் திருத்தும் கருவியை ஓட்டினால், சரியான ஒவ்வொரு சோதனைக்கும் பச்சை நிறத்தில் ஒரு சிரித்த முகம், தவறானதற்குச் சிவப்பு நிறத்தில் ஒரு வாடிய முகம். செக்50 என்பது அதன் பெயர். நள்ளிரவில் எல்லா வரியும் பச்சையாக வரும்போது கிடைக்கும் மகிழ்ச்சியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இதுவரை யாருக்கும் பெரிய சிக்கல் வராது. இந்த இடத்தில் பணம் கட்டினால் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவதாகத்தான் பொருள்.

நான்காம் வாரம் நினைவகம். பாயின்டர் என்ற சொல் இங்கேதான் வருகிறது: நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரியைக் குறித்து வைப்பது அது. வீட்டுப்பாடங்களில் ஒன்று இப்படிப் போகிறது: ஒரு கேமராவின் நினைவக அட்டையிலிருந்து படங்கள் அழிந்துபோய்விட்டன. அட்டையின் மொத்த உள்ளடக்கமும் ஒரே கோப்பாகக் கையில் தரப்படுகிறது. அழிந்த 50 படங்களை மீட்க வேண்டும். கோப்பை 512 பைட் 512 பைட்டாகப் படிக்க வேண்டும். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட மூன்று பைட்டுகளோடு தொடங்கும். நான்காவது பைட் சில மதிப்புகளுக்குள் இருக்கும். அந்த அடையாளம் தென்பட்டால் புதுக் கோப்பு திறக்க வேண்டும், ஏற்கெனவே ஒன்று திறந்திருந்தால் அதை மூட வேண்டும், அடையாளம் இல்லாவிட்டால் இருக்கும் கோப்பிலேயே தொடர்ந்து எழுத வேண்டும். நிரல் முப்பது நாற்பது வரிக்கு மேல் போகாது. ஆனால் அந்த வரிகளை எழுதும்போது நிரல் ஓடுவதற்குப் பதிலாகப் பொத்தென்று விழும். ஏன் என்று சொல்லாது. எதை மூட மறந்தோம், எந்த இடத்தில் இல்லாத நினைவகத்தைத் தொட்டோம் என்று நாமேதான் தேட வேண்டும். காணொளியில் அழகாகப் புரிந்த பாயின்டர் இங்கே கைக்கு அகப்படாது.

ஐந்தாம் வாரம் இன்னும் கடுமை. 1,43,091 சொற்கள் உள்ள அகராதி ஒன்றை நினைவகத்தில் ஏற்றி, ஒரு நீண்ட உரையில் பிழையான சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டும். சொற்களை எப்படி அடுக்குவது என்பது நம் முடிவு. ஏற்ற எத்தனை நொடி, தேட எத்தனை நொடி, அழிக்க எத்தனை நொடி என்று நிரலே அச்சிட்டுக் காட்டும். வாங்கிய நினைவகத்தில் ஒரு பைட்டைத் திருப்பிக் கொடுக்காவிட்டாலும் செக்50 வாடிய முகம் காட்டிவிடும்.

இந்த இரண்டு வாரத்தையும் தாண்டியவர் பெரும்பாலும் பாடத்தை முடித்துவிடுவார் என்றே நினைக்கிறேன். அடுத்து வரும் பைத்தான் ஓய்வு போல இருக்கும். பிழைதிருத்தி முழுவதையும் பைத்தானில் சில வரிகளில் எழுதி மாலன் காட்டும்போது சிரிப்பும் வரும், கொஞ்சம் கோபமும் வரும். தாண்டாதவருக்கும் ஒரு விடை கிடைத்துவிட்டது: இந்தப் பாடம் இப்போதைக்கு வேண்டாம், அல்லது இன்னும் மெதுவாகப் போக வேண்டும். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் ஆகும் என்று பாடக் குறிப்பில் போட்டிருப்பது பொதுக்கணக்கு. வேலைக்குப் போய்விட்டு இரவு உட்காருகிறவரின் கணக்கு வேறு, அது இங்கேதான் தெரியவரும்.

நேரே நான்காம் வாரத்துக்குத் தாவிவிட முடியாதா என்று கேட்கலாம். முன்பே சி தெரிந்தவர் தாவலாம். மற்றவர் சுழியம் முதல் மூன்று வரையான வாரங்களை முறையாகச் செய்துவிட்டுத்தான் வர முடியும். ஆகவே ஒரு பாடத்தை உண்மையாகச் சோதிக்க ஒரு மாதமாவது வேண்டும். பல தளங்கள் தரும் ஏழு நாள் இலவசக் காலம் இதற்குக் கட்டுப்படியாகாது. அந்த ஏழு நாளில் நாம் பார்ப்பது இனிப்பான பகுதியை மட்டும்.

கதவு குறுகிய வரலாறு

எல்லாப் பாடமும் சி.எஸ்.50 அல்ல. ஒரு காலத்தில் எல்லாமே இப்படித்தான் இருந்தன. 2011 இலையுதிர் பருவத்தில் ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் துருனும் பீட்டர் நார்விக்கும் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். சுமார் 23,000 பேர் முடித்தார்கள். வீட்டுப்பாடம், தேர்வு, முடித்ததற்கான கடிதம் எல்லாமே இலவசம். அதே பருவத்தில் ஆண்ட்ரூ இங் நடத்திய இயந்திரக் கற்றல் பாடத்திலும் ஒரு லட்சம் பேருக்கு மேல். அந்த அலையில்தான் 2012இல் கோர்செரா என்ற இணையப் பாடத் தளம் பிறந்தது.

பிறகு வாடகை, சம்பளம், முதலீட்டாளர் என்று ஒவ்வொன்றாக வந்தன. கோர்செரா 2013 தொடக்கத்தில் கட்டணச் சான்றிதழைக் கொண்டுவந்தது. எழுதியவர் அவர்தானா என்று உறுதிப்படுத்த, அவர் விசைப்பலகையில் தட்டும் தாளத்தைப் பதிந்து ஒப்பிட்டார்கள், வேடிக்கையான ஏற்பாடு. எட்எக்ஸ் 2015 இறுதியோடு இலவசச் சான்றிதழை நிறுத்தியது. 2016இல் கோர்செராவின் பல பாடங்களில் மதிப்பெண் தரும் வீட்டுப்பாடம் பூட்டுக்குள் போனது. 2018 இறுதியில் எட்எக்ஸும் அதே பூட்டை மாட்டத் தொடங்கியது. இலவசமாகப் படிப்பவருக்குக் கால வரம்பும் வந்தது. 2021இல் எட்எக்ஸை 2யு என்ற நிறுவனம் 80 கோடி டாலருக்கு வாங்கியது. 2024இல் அந்த நிறுவனமே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. இலவசம் ஏன் குறைந்துகொண்டே போனது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பூட்டு எங்கே விழுந்தது என்று கவனித்தால் தளங்களுக்கும் உண்மை தெரியும் என்பது புரியும். காணொளியைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுப்பாடத்தைப் பூட்டினார்கள். எதற்கு மதிப்பு என்று கடைக்காரருக்குத் தெரிகிறது.

இன்று அப்படிப்பட்ட தளத்துக்குப் போகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது, "ஆடிட்" என்ற இலவச முறையும் "இலவசச் சோதனைக் காலம்" என்பதும் ஒன்றல்ல. முதலாவதற்கு அட்டை எண் கேட்க மாட்டார்கள். இரண்டாவதற்கு முதலிலேயே அட்டை எண் கேட்பார்கள். நாள் கடந்தால் பணம் தானாக எடுபடும். கோர்செராவில் சேரும் பொத்தானை அழுத்தியதும் வரும் பெட்டியின் அடியில், பெரிய நீலப் பொத்தானுக்குக் கீழே சின்ன எழுத்தில்தான் ஆடிட் இணைப்பு நெடுநாள் இருந்தது. பல பாடங்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பின் பக்கத்தில் அது தென்படாது. தனிப்பாடத்தின் பக்கத்துக்குப் போனால்தான் உண்டு. அண்மையில் அதையும் பல பாடங்களில் எடுத்துவிட்டு, முதல் பகுதியை மட்டும் இலவசமாகக் காட்டும் முறைக்கு மாறிவருகிறார்கள். முதல் பகுதி என்றால் பூனை நடக்கும் வாரம்.

வீட்டுப்பாடம் பூட்டியிருந்தால் வேறு வழி இல்லாமல் இல்லை. அதே பொருளில் எம்.ஐ.டி.யின் திறந்த பாடத்தளத்தில் பயிற்சித்தாளும் விடையும் பழைய தேர்வுத்தாளும் கிடைக்கிறதா என்று பார்க்கலாம். கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் இயற்கணிதப் பாடத்துக்கு அத்தனையும் அங்கே இருக்கின்றன. நடுப்பகுதிப் பயிற்சித்தாள் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தால், வேறு தளத்தில் விற்கும் அதே பொருள் நமக்கு ஏறுமா என்பது தெரிந்துவிடும்.

"பணம் கட்டினால்தான் முடிப்பேன்"

இந்த வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். ஆதரவாக ஒரு புள்ளிவிவரமும் இருக்கிறது. எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களைப் பற்றிய கட்டுரை ஒன்று 2019 ஜனவரியில் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. 2017–18இல் சேர்ந்த எல்லோரையும் கணக்கில் எடுத்தால் முடித்தவர்கள் சுமார் 3 விழுக்காடு. பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்தால் 46 விழுக்காடு. பதிவு செய்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பாடத்தின் உள்ளேயே நுழையவில்லை.

3க்கும் 46க்கும் உள்ள தூரத்தைப் பார்த்துப் பணம்தான் முடிக்க வைத்தது என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முடிக்கும் எண்ணம் உள்ளவர்தான் பணத்தையும் கட்டுகிறார். எண்ணம் முதலில், பணம் பிறகு. அதைவிட எனக்கு உறுத்துவது மறுபாதி: காசு கட்டியும் பாதிக்கு மேற்பட்டவர்கள் முடிக்கவில்லை. முதல் சில வாரங்களைச் சும்மா செய்து பார்த்திருந்தால் அவர்களில் பலர் பணத்தை மிச்சப்படுத்தியிருப்பார்கள். கெடு வேண்டும் என்பவருக்குக் காசில்லாத கெடுவும் உண்டு. சி.எஸ்.50இல் ஆண்டுக்கான கடைசி நாள் டிசம்பர் 31; முடிக்காவிட்டால் அடுத்த ஆண்டுக்குச் செய்த வேலையைக் கொண்டுபோகலாம். நண்பர் ஒருவரோடு சேர்ந்து படித்தால் ஞாயிற்றுக்கிழமை இரவும் கெடுதான்.

நம் ஊர் ஏற்பாடு

இந்தச் சிக்கலுக்கு மிக நேர்மையான விடையை நான் பார்த்தது என்பிடெல் என்ற இணையக் கல்வித் திட்டத்தில். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கியது, சென்னை ஐ.ஐ.டி.யின் பங்கு அதில் பெரிது. 2014 முதல் சான்றிதழ்த் தேர்வு நடத்துகிறார்கள். பாடம் இலவசம், வாராந்திர வீட்டுப்பாடம் இலவசம், அதற்கு மதிப்பெண்ணும் இலவசம். தேர்வு மையத்தில் நேரில் போய் எழுதும் தேர்வுக்கு மட்டும் பாடத்துக்கு 1,000 ரூபாய் அளவில் கட்டணம். அதுவும் கட்டாயமில்லை. பல பாடங்களின் விரிவுரை உரையைத் தமிழிலும் தந்திருக்கிறார்கள்.

பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு வீட்டுப்பாடங்களின் சராசரிக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண். தேர்வுக்குப் பதிவு செய்யும் காலம் பாடம் தொடங்கிச் சில வாரங்கள் வரை திறந்திருக்கும். நான் இவ்வளவு நேரம் வற்புறுத்திய சோதனையை இங்கே ஏற்பாடே செய்து தந்துவிடுகிறது. வீடியோ தரம் சில பாடங்களில் சுமார்தான். கரும்பலகையை மறைத்துக்கொண்டு நிற்கும் பேராசிரியர்களும் உண்டு. மாலனின் மேடை மெருகுக்கு முன் நிற்காது. அந்த மெருகின்மையே ஒரு வகையில் நல்லது: பேச்சில் மயங்கிச் சேர வாய்ப்பில்லை.

தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களுக்கு இதில் கணக்கு வேறு. என்பிடெல் பாடங்கள் நடக்கும், மத்திய அரசின் ஸ்வயம் தளத்தின் வழியாக எடுக்கும் பாடங்களை, ஒரு படிப்பில் ஒரு பருவத்தில் நடத்தும் மொத்தப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஏற்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதி சொல்கிறது. கல்லூரி அதை ஏற்குமானால், அந்தக் கிரெடிட் தேர்வு எழுதியவருக்குத்தான். காணொளி பார்த்தவருக்கு இல்லை. அவர்கள் 1,000 ரூபாயைக் கட்டுவதே சரி. ஆனால் கட்டும் முன் துறைத் தலைவரிடம் அந்தக் குறிப்பிட்ட பாடத்துக்குக் கிரெடிட் உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குள் முதல் சில வாரங்களின் மதிப்பெண்ணும் கையில் வந்திருக்கும்.